கேட்கும் இதயம்

இரவு 10 மணிக்கு என் நிகழ்ச்சி தொடங்கும். முதல் பாடல் முடிந்ததும் ‘இன்றைய சிந்தனை’ என்று ஒரு பொன்மொழி சொல்வேன். பின்னணியில் மெல்லிய புல்லாங்குழல் இசை போகும். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன். ஊடகத் துறையில் பட்டம் படித்தபோது கற்றுக்கொண்ட வித்தை அது. குரல் தாழ்ந்தால் சொல்கிற விஷயம் ஆழமாகத் தோன்றும்.

அந்தப் பொன்மொழி எங்கிருந்து வருகிறது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன். நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் தேடுவேன். இரண்டு நிமிட வேலை. புத்தர் சொன்னது என்று போட்டிருக்கும். அப்துல் கலாம் சொன்னது என்று போட்டிருக்கும். உண்மையிலேயே அவர்கள் சொன்னார்களா என்று பார்க்க நேரம் இருக்காது. ஏழு வருடமாக இப்படித்தான் ஓடியது.

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை இரவு, நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போது ஓர் அழைப்பு வந்தது. கிள்ளானிலிருந்து ஒரு பெண்மணி. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பாட்டு கேட்க அவர் கூப்பிடவில்லை. அவர் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். பல வருடமாக இனிப்பு நீர். ஒரு காலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இப்போது இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்கிறார் டாக்டர். அம்மாவோ, “போதும், என்னை விட்டுடுங்க” என்கிறார். அண்ணன், “அம்மாவைச் சாகவிடப் பாக்குறியா?” என்று இவரிடம் சண்டைக்கு வருகிறார். திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

“அக்கா, நீங்க தினமும் எவ்வளவு நல்ல நல்ல வார்த்தை சொல்றீங்க. அதெல்லாம் எங்கருந்து எடுக்கிறீங்க? எனக்கும் ஒண்ணு சொல்லுங்க. நான் என்ன செய்யணும்?”

என் வாயில் தயாராக இருந்ததைச் சொன்னேன். “உங்க மனசு என்ன சொல்லுதோ அதைக் கேளுங்கம்மா.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: “ரெண்டு மனசா இருக்கே அக்கா. எதைக் கேக்க?”

எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

பாட்டி வீட்டு லம்பம்

எனக்கு மனசு சரியில்லாதபோதெல்லாம் போகிற இடம் சுங்கை வே. என் பாட்டி வீடு. வயது 81. பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரைதான் படிப்பு. பால் மரம் வெட்டியவர், பின்னாளில் இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் துப்புரவு வேலை செய்தவர். பெயரிலேயே ‘ஞானம்’ உண்டு. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவார். நான் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் போகிற கிறிஸ்துவள்.

சுங்கை வேயை இன்றைக்குப் பார்க்கிற இளைஞர்களுக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருக்கலாம். அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவான இடம் இது. 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. நம் தோட்டத்துப் பெண்கள் பலர் பேருந்தில் வந்து இறங்கி அங்கே வேலை செய்தார்கள். ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் இப்போது ஸ்ரீ செத்தியா. பழைய பெயரின் சுருக்கம் இன்னொரு இடத்தில் பெரிய எழுத்தில் ஒளிர்கிறது. 1974இல் சுங்கை வே என்ற பெயரில் சிறிய ஈயச் சுரங்க நிறுவனமாகத் தொடங்கியதுதான் இன்றைய சன்வே. நாம் பிள்ளைகளைச் சறுக்கு விளையாடக் கூட்டிப்போகும் அந்த நீர்ப் பூங்கா, ஒரு காலத்தில் தோண்டித் தோண்டிக் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம்.

தாத்தா இந்தப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில் ‘ஜாகா’ வேலை பார்த்தவர். அவர் வாயில் அது ‘ஈய லம்பம்’. தண்ணீரைக் குழாயில் பீய்ச்சி மண்மேட்டை இடிப்பார்கள். சேற்றுக் குழம்பை மேலே ஏற்றிப் பலகைச் சாய்வில் ஓட விடுவார்கள். மண் ஓடிப்போகும், கனமான ஈயம் அடியில் தங்கும். இதைத் தாத்தா கையசைத்துச் சொல்லும்போது பார்க்கவே அழகாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை பாட்டியிடம் கிள்ளான் பெண்மணியின் கதையைச் சொன்னேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டை பிய்ந்த வேதாகமத்தை எடுத்து, யோபு புத்தகத்தின் 28ஆம் அதிகாரத்தைத் திறந்து என் மடியில் வைத்தார்.

“உங்க தாத்தாவுக்கு ரொம்பப் பிடிச்ச இடம். லம்பத்தைப் பத்தி வேதத்துல இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. படி.”

படித்தேன். ஆச்சரியப்பட்டுப்போனேன். அந்த அதிகாரத்தின் முதல் பாதி முழுக்கச் சுரங்கம்தான். வெள்ளிக்கு ஒரு சுரங்கம் உண்டு, பொன்னைப் புடம்போட ஓர் இடம் உண்டு என்று தொடங்குகிறது. மனிதன் இருட்டுக்குள் விளக்கைக் கொண்டுபோகிறான்; ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் குழி வெட்டிக் கயிற்றில் தொங்குகிறான்; கழுகின் கண்ணுக்குக்கூடத் தெரியாத பாதையைக் கண்டுபிடிக்கிறான்; மலையை அடியோடு புரட்டுகிறான்; கசிகிற நீரை அடைக்கிறான். அந்தக் காலத்து மக்களுக்கு இது நேரில் தெரிந்த காட்சி. செங்கடலுக்கு வடக்கே திம்னா பள்ளத்தாக்கில் பண்டைய செப்புச் சுரங்கங்களை இன்றும் காணலாம்.

நம் கோலாலம்பூர் பிறந்ததும் இப்படித்தான். 1857இல் ராஜா அப்துல்லா ஈயம் தேட 87 சுரங்கத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். அம்பாங் காட்டுக்குள் போன அவர்களில் ஒரே மாதத்தில் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் போக மிஞ்சியவர்கள் 18 பேர். ஆனாலும் ஈயம் கிடைத்தது. மனிதன் தேடினால் எதையும் எடுத்துவிடுவான்.

இங்கேதான் யோபுவின் பாடல் திரும்புகிறது. இவ்வளவும் செய்யத் தெரிந்த மனிதனுக்கு ஒரு கேள்வி: ஞானம் எங்கே கிடைக்கும்? அது எந்த லம்பத்தில் இருக்கிறது? ஆழத்தைக் கேட்டால் என்னிடம் இல்லை என்கிறது. கடலைக் கேட்டால் என்னிடமும் இல்லை என்கிறது. பொன்னை நிறுத்துக் கொடுத்தாலும் விலைக்கு வராது. மரணம்கூட அதைப் பற்றிக் காதால் கேள்விப்பட்டதாகத்தான் சொல்கிறது. கடைசியில் பதில் வருகிறது. அதன் வழி கடவுளுக்கு மட்டுமே தெரியும். மனிதனுக்கு அவர் சொல்லிவைத்தது இரண்டே விஷயம்: இறைவனுக்குப் பயந்து நடப்பது, தீமையை விட்டு விலகுவது.

“பயம்னா போலீஸுக்குப் பயப்படுற மாதிரியா பாட்டி?” என்று கேட்டேன்.

“பயபக்தின்னு சொல்றோமே, அது” என்றார். சரியாகத்தான் சொன்னார். மூல எபிரேயச் சொல்லுக்கும் அச்சம், வியப்பு கலந்த மரியாதை என்ற இரண்டு பொருளும் உண்டு. நம் தமிழ் அதை ஒரே சொல்லில் பிடித்து வைத்திருக்கிறது.

ஏழு நாள் மௌனம்

யோபு யார் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நமக்கு அரிச்சந்திரன் எப்படியோ, அப்படி ஒரு பாத்திரம். நல்ல மனிதர். செல்வம், பிள்ளைகள், உடல்நலம் எல்லாவற்றையும் அடுத்தடுத்து இழக்கிறார். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத் துண்டால் புண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் ஆறுதல் சொல்ல வருகிறார்கள்.

வந்தவர்கள் முதலில் செய்தது அருமையான காரியம். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாளிலிருந்து பேச ஆரம்பித்தார்கள். ‘நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை’ என்று ஒவ்வொருவரும் அழகழகான மொழியில் விளக்கினார்கள். தனித்தனியாக எடுத்தால் அவர்கள் சொன்னதில் பல, வானொலியில் வாசிக்கத் தகுந்த பொன்மொழிகள். கதையின் முடிவில் கடவுள் அந்த மூவரையும் கடிந்துகொள்கிறார். கேள்வி கேட்டு அழுது சண்டைபோட்ட யோபுவை ஏற்றுக்கொள்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. கிள்ளானிலிருந்து கூப்பிட்ட பெண்ணுக்கு நான் நான்காவது நண்பராக இருந்திருக்கிறேன். அதுவும் ஏழு நாள் என்ன, ஏழு விநாடிகூடச் சும்மா இருக்காமல்.

பெயரெல்லாம் ஞானம்

மறுநாள் ஞாயிறு. பாட்டியைப் பிரிக்பீல்ட்ஸுக்கு ஆராதனைக்குக் கூட்டிப்போனேன். அந்த வட்டாரத்தில் நடந்தால் நம் நாட்டின் சமயங்கள் வரிசையாக நிற்கும். 1894இல் தொடங்கிய புத்த மகா விகாரை ஒரு பக்கம். நம் அம்மன், முருகன் கோயில்கள் ஒரு பக்கம். 1924இல் கட்டப்பட்ட லுத்தரன் சீயோன் பேராலயம் இன்னொரு பக்கம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இரயில்வேக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் வந்த தமிழர்கள் தங்கள் பாட்டையும் ஜெபத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

அன்று ஆலயத்தில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். பக்கத்தில் நின்றவர்கள் அதன் ஞானப்பெற்றோர். யோசித்துப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் திருமுழுக்குக்கு நம் தமிழில் ‘ஞான’ ஸ்நானம் என்று பெயர். கிறிஸ்துவப் பாடல்கள் ஞானப்பாட்டுகள். மறைக்கல்வி ஞானோபதேசம். பிள்ளைகளுக்கு ஞானப்பிரகாசம், ஞானமணி, ஞானசேகரன் என்று பெயர்.

இந்தச் சொல் வழக்குக்கு நானூறு ஆண்டுப் பழமை உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி ராபர்ட் டி நோபிலி, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவர் தமிழில் எழுதிய மறைநூலின் பெயரே ‘ஞானோபதேசம்’. மதுரை மக்கள் ஏற்கெனவே பெரிதாக மதித்த ஒரு சொல்லைத் தேடி எடுத்துத் தம் நூலின் வாசலில் வைத்தார் என்றே நான் நினைக்கிறேன். நம் சைவத்திலும் வைணவத்திலும் ஞானம் என்றால் வெறும் தகவல் அறிவல்ல. உள்ளதை உள்ளபடி காணும் அறிவு. அந்தக் கனம் கிறிஸ்துவத் தமிழுக்கும் சேர்ந்து வந்தது.

வேதாகமத்தில் ஞானத்துக்கு இருக்கும் எபிரேயச் சொல் ‘ஹொக்மா’. அதில் இன்னொரு சுவை உண்டு. அது பண்டிதர்களுக்கு மட்டும் உரிய சொல் அல்ல. பாலைவனத்தில் வழிபாட்டுக் கூடாரம் அமைத்தபோது பொன்னிலும் மரத்திலும் வேலை செய்த பெசலெயேல் என்ற கைவினைஞருக்கும், ஆட்டு மயிரை நூலாக நூற்ற பெண்களுக்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறது யாத்திராகமம். கடவுள் அவர்கள் உள்ளத்தில் வைத்த ஞானத்தால் அந்த வேலை நடந்ததாம். மூன்றாம் வகுப்புவரை படித்து, பால் வெட்டி, தரை துடைத்து, ஐந்து பிள்ளைகளை வளர்த்த என் பாட்டிக்கு இந்தச் சொல்லில் முழு உரிமை இருக்கிறது. என் பட்டத்துக்கு அது தானாகக் கிடைத்துவிடவில்லை.

அரசன் கேட்டது என்ன?

ஞானம் என்றதும் கிறிஸ்துவர் யூதர் அனைவருக்கும் நினைவு வரும் பெயர் சாலமோன். ஒரே குழந்தைக்கு இரண்டு தாய்மார் உரிமை கொண்டாடிய வழக்கில், குழந்தையை இரண்டாக வெட்டிக் கொடுங்கள் என்று சொல்லி உண்மைத் தாயைக் கண்டுபிடித்த அரசன். அந்தக் கதை பலருக்குத் தெரியும். அதற்கு முன்பு ஓர் இரவு நடந்ததுதான் முக்கியம்.

தாவீதின் சிம்மாசனத்தில் புதிதாக அமர்ந்த இளைஞன் அவன். கிபியோன் என்ற இடத்தில் கனவில் கடவுள் தோன்றி, என்ன வேண்டும் கேள் என்கிறார். நீண்ட ஆயுள், செல்வம், எதிரிகளின் உயிர், எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். நான் சிறுபிள்ளை, போக்குவரத்து தெரியாதவன் என்று ஒப்புக்கொண்டு அவன் ஒன்றே ஒன்றைக் கேட்டான். மொழிபெயர்ப்புகளில் அது ஞானமுள்ள இதயம் என்ற பொருளில் வரும். எபிரேய மூலத்தில் நேராக இருப்பது ‘லேவ் ஷோமேயா’. அதாவது, கேட்கும் இதயம்.

அன்று ஆலயத்தில் போதகர் இதை விளக்கியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது, ‘இதயம் சொல்வதைக் கேள்’ என்று. சாலமோன் வேண்டியது, ‘கேட்கிற இதயத்தைக் கொடு’ என்று. இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். ஆனால் தலைகீழ். முதலாவதில் இதயம்தான் ஊற்று. அது சொன்னால் சரி. இரண்டாவதில் ஊற்று வெளியே இருக்கிறது. இதயம் ஏந்திக்கொள்ளும் பாத்திரம். அந்தப் பெண்ணுக்கு இருந்ததோ இரண்டு மனசு. இரண்டும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. மனசைக் கேள் என்று நான் சொன்னது, வெள்ளத்தில் நிற்பவரிடம் தண்ணீர் குடி என்று சொன்னதுபோல.

கேள் என்ற நம் தமிழ்ச் சொல் இந்த இடத்தில் எவ்வளவு பொருத்தமாக வந்து விழுகிறது பாருங்கள். வேண்டுவதும் கேட்பதுதான், செவிகொடுப்பதும் கேட்பதுதான். சாலமோன் கேட்டது, கேட்கும் இதயத்தை. இதில் வள்ளுவரும் நமக்குத் துணை. திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம், கல்லாமை 41, அறிவுடைமை 43. கல்விக்கும் அறிவுக்கும் நடுவே 42ஆம் அதிகாரமாக அவர் வைத்தது ‘கேள்வி’. படித்தவுடன் அறிவு வந்துவிடாது, நடுவில் காது கொடுக்கும் பழக்கம் ஒன்று வேண்டும் என்பதுபோல. 1886இல் குறளை ஆங்கிலத்தில் கொடுத்த ஜி.யு. போப் ஒரு கிறிஸ்துவப் பாதிரியார் என்பது நமக்குத் தெரியும்.

சாலமோன் கதையின் இரண்டாம் பாதியை மேடைகளில் அதிகம் சொல்வதில்லை. வயதான காலத்தில் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். மக்கள்மேல் சுமத்திய வேலையும் பாரமும் கூடிக்கொண்டே போயின. அவன் இறந்ததும் நாடு இரண்டாக உடைந்தது. உலகத்திலேயே பெரிய ஞானி என்று பெயர் வாங்கியவனின் முடிவு அது. கிறிஸ்துவ நம்பிக்கைப்படி ஞானம் ஒருமுறை வாங்கி வீட்டில் பூட்டி வைக்கிற சொத்தல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இது எளிதில் புரியும். 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்களை மூடியபோது பத்து லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களும் கடைகளும் தண்ணீரின்றித் தவித்தன. வீட்டுக் குழாய் பளபளவென்று புதிதாகத்தான் இருந்தது. ஊற்றோடு தொடர்பு போனால் குழாய் என்ன செய்யும்?

சிலுவையில் என்ன ஞானம்?

இதுவரை சொன்னது பழைய ஏற்பாடு. இதில் பெரும்பகுதியை யூதர்களும் ஒத்துக்கொள்வார்கள். கிறிஸ்துவம் தனியாகச் சொல்வது ஒன்று உண்டு. ஞானம் ஒரு கருத்தாகவோ நூலாகவோ வந்ததோடு நிற்கவில்லை. ஓர் ஆளாக வந்தது, அவர் இயேசு என்பது அந்த நம்பிக்கை. கான்ஸ்டாண்டிநோபிளில் 537இல் கட்டி முடிக்கப்பட்ட ஹாகியா சோபியாவின் பெயருக்குப் ‘புனித ஞானம்’ என்று பொருள். சோபியா என்ற பெண்ணின் பெயர் அல்ல அது. கிறிஸ்துவையே அப்படிக் குறித்தார்கள்.

இது எவ்வளவு விசித்திரமான பேச்சு என்பதைப் பவுலடியார் மறைக்கவில்லை. கொரிந்து பட்டணத்துக் கிரேக்கர்களுக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தில், குற்றவாளியாகச் சிலுவையில் அறையப்பட்ட ஒருவரைக் கடவுளின் ஞானம் என்று சொன்னால் படித்தவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அதில் உறுதியாக நிற்கிறார். ஏன்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் சாமர்த்தியத்தை உலகம் ஞானம் என்கிறது. பிறருக்காகத் தன்னைக் கொடுக்கும் அன்பு அதைவிட ஆழமான ஞானம் என்பது அவர் கண்டது. இதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். கிறிஸ்துவர்கள் எதை ஊற்று என்று நம்புகிறார்கள் என்று கேட்டால், பதில் இதுதான்.

ஒரு நியாயமான சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. கடவுள் சொன்னார், கடவுள் சொன்னார் என்று சொல்லி எத்தனை பேர் எத்தனை அநியாயம் செய்திருக்கிறார்கள்? சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டே போர் செய்தவர்கள் உண்டு. அடிமை வியாபாரத்தை வேத வசனம் காட்டி நியாயப்படுத்தியவர்கள் உண்டு. நம் ஊரில் மருந்தை நிறுத்து, ஜெபம் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. மேலிருந்து வந்த ஞானம் எது, ஆசாமி தானே கிளப்பிவிட்டது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய சிறு நிருபம் இதற்கு ஒரு பரிசோதனை தருகிறது. முதல் அதிகாரத்தில், ஞானம் குறைவாக உள்ளவன் கடவுளிடம் கேட்கட்டும், அவர் யாரையும் கடிந்துகொள்ளாமல் தாராளமாகக் கொடுப்பார் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் இரண்டு வகை ஞானத்தைப் பிரிக்கிறார். பொறாமையும் சண்டையும் எங்கே உண்டோ அங்கே இருப்பது மேலிருந்து வந்ததல்ல. மேலிருந்து வருவது சுத்தமானது, சமாதானமானது, சாந்தமானது, பிறர் சொல்வதற்கு இணங்கக்கூடியது, இரக்கம் நிறைந்தது, ஓரவஞ்சனை இல்லாதது. தாத்தா சொன்ன பலகைச் சாய்வுதான் எனக்கு நினைவு வந்தது. ஓட விட்டால் மண் போய்விடும், ஈயம் தங்கும். யார் எவ்வளவு உறுதியான குரலில் சொல்கிறார் என்பதல்ல கணக்கு. சொன்னதன் அடியில் இரக்கம் தங்குகிறதா, இல்லையா?

இந்தப் பட்டியலில் என்னை அதிகம் தைத்தது ‘பிறர் சொல்வதற்கு இணங்கக்கூடியது’. ஞானி என்றால் கடைசி வார்த்தை பேசுபவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஞாயிறு இரவு

அன்று இரவு கிள்ளான் பெண்மணிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். என்ன சொல்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அழைப்பதற்கு முன் பாட்டி என் தலையில் கை வைத்துச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். “இவளுக்குக் காதைக் கொடு ஆண்டவரே” என்று மட்டும்.

“அன்னிக்கு நான் சொன்னது சரியில்லைங்க. மன்னிச்சிருங்க. இப்ப நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீங்க சொல்லுங்க, கேக்குறேன்” என்றேன்.

நாற்பது நிமிடம் பேசினார். அழுதார். அண்ணன்மேல் இருந்த கோபம், அம்மாவைக் கழுவித் துடைத்து ஓய்ந்துபோன களைப்பு, ‘அம்மா போய்விட்டால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியுமோ’ என்று ஒரு நொடி நினைத்துவிட்ட குற்ற உணர்ச்சி, எல்லாம் வந்தது. வானொலியில் நாற்பது நிமிடம் நான் வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை போய்விடும். அன்று இருந்தேன்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அம்மா வேண்டாம்னு சொல்றாங்களே, ஏன்னு கேட்டீங்களா?”

மறுமுனையில் அமைதி. பிறகு, “இல்லக்கா. நாங்க எல்லாரும் அவங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம். அவங்ககிட்ட யாரும் பேசல.”

அன்று இரவே அவர் அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். யார் கூட்டிப்போவது, மகள் வேலையை விட்டுவிடுவாளோ என்பதுதான் அம்மாவின் பயம். சாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை. பாரமாக இருக்கக் கூடாது என்ற எண்ணம்தான் இருந்தது. மறுநாள் மருத்துவமனையில் டாக்டர் முன்னால் அண்ணனும் தங்கையும் அம்மாவும் சேர்ந்து பேசினார்கள். மூன்று மாதம் முயன்று பார்ப்பது, அம்மாவால் தாங்க முடியாவிட்டால் மறுபேச்சில்லாமல் நிறுத்துவது, சனிக்கிழமை அண்ணனின் முறை என்று முடிவானது.

எல்லாக் குடும்பத்துக்கும் இதே முடிவு சரி என்று சொல்ல வரவில்லை. வேறொரு அம்மா வேறொரு காரணம் சொல்லியிருப்பார். அங்கே ‘போதும்’ என்பதே சரியான பதிலாக இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கடவுள் அந்த வீட்டில் பேசினாரா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். பேசினார் என்று நான் நம்புகிறேன், ஆனால் ஒரு நோயாளித் தாயின் குரலில் என்றேன். அவர் சிரித்தார். மறுக்கவில்லை.

இப்போதும் இரவு 10 மணிக்கு நிகழ்ச்சி உண்டு. ‘இன்றைய சிந்தனை’யை நிறுத்திவிட்டேன். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு நேயர் பேசுகிறார். தினமும் ஒருவர். தன் வாழ்க்கையில் தனக்கு யாரோ ஒருவர் செய்த நல்லதைச் சொல்கிறார். புல்லாங்குழல் இல்லை, நானும் குறுக்கே பேசுவதில்லை. சில இரவுகளில் பேசுபவர் தயங்கி, வார்த்தை வராமல் நின்றுவிடுவார். வானொலியில் மௌனம் ஆபத்து என்று படித்தவள் நான். கை தானாக விசையை நோக்கிப் போகும். பிடித்து நிறுத்திக்கொள்வேன்.

சென்ற வாரம் பாட்டி வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. என் நிகழ்ச்சியின் மறுஒலிபரப்பு. முழுவதும் கேட்டுவிட்டுப் பாட்டி சொன்னார்:

“இப்பத்தான் உன் ரேடியோ காதுக்கு இதமா இருக்கு. நீ கொஞ்சமாப் பேசுற.”